வந்திருக்க வேண்டிய நிறம்

14 யூன் 2025, சனி

வெயில் மண்டையைப் பிளக்கிறது. காலையில் கொடியில் காயப்போட்ட சேலை பத்து மணிக்கே காய்ந்து விறைத்துப்போய்க் கிடந்தது. மடித்து வைக்கவில்லை. எதையும் செய்து முடிக்கிற மனநிலை இன்று இல்லை.

செவ்வாய் தொடங்கும் செயலமர்வுக்கு என்னை மதிப்பீட்டாளராகப் போட்டிருக்கிறார்கள். தொகுப்பு உயிரியலை இளமாணி மாணவர்களுக்கு எப்படிக் கற்பிப்பது என்று விரிவுரையாளர்களைப் பழக்குகிற மூன்று நாள் செயலமர்வு. நடத்துவது தயாளினி. பீடத்தில் நான் மனம்விட்டுக் கதைக்கிற ஒரே ஆள். அவளுடைய வேலையை நான் மதிப்பிடுவது சரியா என்று பீடாதிபதி செபநாயகம் சேரிடம் கேட்டேன். சிநேகிதி என்றால் இன்னும் நல்லாக எழுதுவீர்கள்தானே என்று சிரித்தார். பகிடியா உண்மையா தெரியவில்லை.

நான் பார்ப்பது கற்பித்தல் முறையை. உயிரியல் எனக்கு உயர்தர வகுப்போடு சரி. அதனால் நேற்றே தயாளினியைப் பிடித்து, எனக்கு விளங்குகிற மாதிரி ஒருமுறை சொல் என்றேன். பற்றீரியா ஒன்றுக்குள் நாங்கள் வடிவமைத்த பரம்பரையலகைப் புகுத்தினால் அது நாங்கள் சொன்ன வேலையைச் செய்யும் என்றாள். நிறம் கொடு என்றால் நிறம் கொடுக்கும். செயலமர்வில் செய்யப்போவது அதைத்தான்: வெள்ளைப் பற்றீரியாவை இளஞ்சிவப்பாக்குவது. ஆனால் அவள் மனதில் இருப்பது வேறு. வலிகாமத்துக் கிணறுகளில் உரத்தின் நைத்திரேற்று கூடினால் நிறம் மாறிக் காட்டுகிற பற்றீரியாவை எங்கள் பிள்ளைகளே ஒருநாள் வடிவமைக்க வேண்டும். அதைச் சொல்லும்போது அவளுடைய கை சும்மா இருக்காது, மேசையில் கிணறு கீறும்.

நாலு வருடமாக இந்தப் பாடத்துக்காக அலைகிறாள். மதிப்பீடு நல்லதாக வந்தால் யூலை பீடச்சபையில் அனுமதி. அடுத்த தவணையில் வகுப்பு. இல்லையென்றால் இல்லை.

16 யூன், திங்கள்

கொழும்பிலிருந்து பரிசோதனைக்கான பற்றீரியாக் கலங்கள் வந்துவிட்டன. ஆழ்குளிர்ப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் தயாளினி வீட்டுக்குப் போனாளாம். கடைசி நிமிடம் வரை ஐஸுக்குள் இருக்க வேண்டும், சூடேறினால் பரம்பரையலகை உள்ளே எடுக்காது, செத்தும் போகும் என்று தொலைபேசியில் மூன்றாவது முறையாகச் சொன்னாள். நான் என்ன, திருடிக்கொண்டு போகவா போகிறேன்?

17 யூன், செவ்வாய்

எழுதாமல் இருக்க முடியவில்லை.

காலையில் மண்டப வாசலில் நிறைகுடம், பன்னீர்ச் செம்பு, சந்தனம்; மேடையில் குத்துவிளக்கு. கலியாண வீட்டுக்கு ஒரு குறையுமில்லை. செபநாயகம் சேருக்கு ஒரு யோசனை வந்தது. இன்று செய்யப்போகிற பரிசோதனைச் சாமான்களையும் விளக்குக்குப் பக்கத்தில் வைத்தால் படத்துக்கு அழகாக இருக்குமாம். தயாளினி கொஞ்சம் தயங்கினாள். பிறகு ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் திறந்து வைத்தாள். விளக்கேற்றியதும் நேரே ஆய்வுகூடம் என்பதுதான் நிகழ்ச்சிநிரல்.

பிரதம விருந்தினர் வரவில்லை. ஓய்வுபெற்ற பேராசிரியர் பஞ்சலிங்கம். சண்டிலிப்பாயில் வேறொரு திறப்புவிழாவில் ஆளைப் பிடித்து வைத்துவிட்டார்களாம். அவர் இல்லாமல் விளக்கை ஏற்றினால் என்ன என்று கேட்கும் துணிவு அங்கே ஒருவருக்கும் இல்லை. எனக்கும் இல்லை. காத்திருந்தோம். ஒருவழியாக வந்தார். ஏற்றினோம். காற்றுக்குத் திரி அணைந்தால் அபசகுனம் என்று மின்விசிறிகளை நிறுத்தினார்கள். பிறகு வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை. விளக்கு எரியும்வரை மின்விசிறி போட முடியாது. பேச்சு முடியும்வரை விளக்கை நூர்க்க முடியாது. பேராசிரியர் தமிழில் அறிவியல் வளர்ந்த கதையை ஆதியிலிருந்து தொடங்கினார். நாங்கள் எல்லோரும் நிகழ்ச்சிநிரலால் விசிறிக்கொண்டிருந்தோம்.

தயாளினி பேச்சாளரைப் பார்க்கவில்லை. ஐஸ் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை எழும்பப் போனாள். செபநாயகம் சேர் திரும்பிப் பார்த்தார். இருந்துவிட்டாள். நன்றியுரை நடக்கும்போது எனக்கு இருந்த இடத்திலிருந்தே தெரிந்தது, ஐஸ் உருகி, கலங்கள் இருந்த குழாய்கள் தண்ணீரில் மிதக்கின்றன.

மதிப்பிட வந்தவள் தலையிடக் கூடாது. நாங்களே அப்படித்தான் படிப்பிக்கிறோம். ஒரு பெட்டியைத் தூக்கி ஆய்வுகூடத்துக்குள் வைப்பதற்கு அதில் என்ன தடை? தெரியாது. நானும் இருந்தேன்.

மத்தியானத்துக்குப் பிறகு குழுக் குழுவாகப் பரிசோதனை செய்து, கலங்களை வளர்ப்புக் கிண்ணங்களில் பூசி வைத்தார்கள். தயாளினி ஒரு குறையும் காட்டவில்லை. புதிய ஐஸ் போட்டிருந்தாள். தெளிவாக, பொறுமையாக, நல்ல ஆசிரியராகச் சொல்லிக்கொடுத்தாள். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

18 யூன், புதன்

ஒன்றுமே வளரவில்லை. ஒரு குழுவின் கிண்ணத்தில்கூட ஒரு புள்ளி இல்லை. எல்லாம் துடைத்து வைத்த மாதிரி.

சரி, அது நடக்கும். ஆய்வுகூடம் என்றால் பிழைக்கத்தான் செய்யும். என்னைக் குழப்பியது அதற்குப் பிறகு நடந்ததுதான்.

இரண்டாம் நாள் காலை பங்குபற்றுகிறவர்கள் மாணவர்களாக இருந்து செய்முறைக் குறிப்பு எழுத வேண்டும். எல்லாரும் விரிவுரையாளர்கள், தலை நரைத்தவர்களும் இருந்தார்கள். குனிந்து எழுதினார்கள். நான் மேசைகளுக்கிடையில் நடந்து பார்த்தேன். முதல் மேசை: “இளஞ்சிவப்பு நிறப் புள்ளிகள் அவதானிக்கப்பட்டன.” பக்கத்தில் வெறும் கிண்ணம். இரண்டாவது மேசையிலும் அதே வசனம். கடைசி மேசையில் ஒரு அம்மா புள்ளிகளின் விட்டத்தையும் மில்லிமீற்றரில் எழுதியிருந்தார்.

வெளியிலிருந்து வந்த இளம் விரிவுரையாளர் பார்த்தீபனிடம் குனிந்து மெல்லக் கேட்டேன், எங்கே புள்ளி என்று. அந்தப் பிள்ளை முழிக்கவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை.

“வந்திருக்க வேணும்தானே, மிஸ்” என்றார்.

பொய் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியவே இல்லை. எப்படித் தெரியும்? உயர்தரத்தில் உப்புப் பகுப்பாய்வுக்கு நாங்கள் எல்லாரும் வீழ்படிவின் நிறத்தைக் குழாயைப் பார்த்தா எழுதினோம்? கொப்பியைப் பார்த்து எழுதினோம். வராத நிறத்தை எழுதினால் சரி, வந்த நிறத்தை எழுதினால் பிழை. அப்படி எழுதி எழுதித்தான் பல்கலைக்கழகம் வந்தோம், பட்டம் எடுத்தோம், படிப்பிக்க வந்து நிற்கிறோம்.

தயாளினியும் அந்தக் குறிப்புகளைப் பார்த்தாள். அந்த இடத்தில் அவள் நிறுத்தியிருக்கலாம். ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தால் மூன்று நாளில் அதுதான் மிக நல்ல பாடமாக இருந்திருக்கும். அவள் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து போன கிழமை ஒத்திகை பார்த்த கிண்ணத்தை எடுத்துவந்தாள். அழகான இளஞ்சிவப்பு. இப்படித்தான் வரும் என்று தூக்கிக் காட்டினாள். எல்லாரும் கை தட்டினார்கள்.

19 யூன், வியாழன்

செயலமர்வு எப்படி இருந்தது என்று கேட்டு வினாக்கொத்து கொடுத்தோம். எல்லாம் மிகச் சிறப்பு, மிகச் சிறப்பு, மிகச் சிறப்பு. வாசலில் நின்று றோல்ஸும் தேநீரும் கொடுத்துக்கொண்டே தாளை வாங்கினது தயாளினி. அவளுடைய கையில் ‘திருப்தியில்லை’ என்று எழுதிய தாளை யார் கொடுப்பார்? நான்தான் வாங்குவேன் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். கேட்டால்தானே.

பின்னேரம் பீடத்தின் முகநூலில் படம் வந்துவிட்டது. நடுவில் செபநாயகம் சேர், பஞ்சலிங்கம் சேர், கையில் அந்த ஒத்திகைக் கிண்ணம். பங்குபற்றியவர்கள் உருவாக்கிய பற்றீரியா என்று கீழே எழுதியிருக்கிறது. யார் எழுதினது? ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் பொய் தன்பாட்டில் வளர்ந்துகொண்டு போகிறது.

நானும் விருப்பம் போட்டேன். போடாவிட்டால் ஏன் போடவில்லை என்று கேட்பார்கள்.

20 யூன், வெள்ளி

செபநாயகம் சேர் கூப்பிட்டார். அறிக்கை யூலை மூன்றாம் திகதிக்குள் வேண்டுமாம். கிண்ணத்தில் ஒன்றும் வரவில்லையே சேர் என்று தொடங்கினேன். கேள்விப்பட்டேன் என்றார். மனிதர் கோபக்காரர் இல்லை, அதுதான் கஷ்டம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு புதிய பாடம் கிடைக்கப்போகிறது, முதல் முயற்சி, குறைகளைப் பெரிதாக்க வேண்டாம், நல்ல பக்கத்தைப் பார்த்து எழுதுங்கள் என்று தன்மையாகச் சொன்னார். ஓம் சேர் என்றுவிட்டு வந்தேன்.

ஓம் சேர். ஓம் சேர். வாய்க்குள் வேறு சொல்லே இல்லை போல.

22 யூன், ஞாயிறு

பூசையில் மனம் நிற்கவில்லை. பிரசங்கம் எதைப் பற்றியென்று என் வீட்டுக்காரர் ஜெறோம் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. திரும்பி வரும் வழியில் மீன் வாங்கப் போய், புளி வாங்கிக்கொண்டு வந்தேன்.

23 யூன், திங்கள்

முதல் வரைவு: “சில தவிர்க்க முடியாத தொழினுட்பக் காரணங்களால் எதிர்பார்த்த விளைவு முழுமையாகக் கிடைக்கவில்லை.”

முழுமையாக! ஒரு புள்ளிகூட இல்லை. தவிர்க்க முடியாத! ஒரு பெட்டியை உள்ளே வைத்திருந்தால் தவிர்த்திருக்கலாம். அழித்தேன். திரும்ப அதையே எழுதினேன்.

25 யூன், புதன்

தயாளினி என் அறைக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள். நான்கு வருடத்தில் ஒருநாளும் சாத்தினதில்லை.

தானே தொடங்கினாள். கலங்கள் மண்டபத்திலேயே செத்துவிட்டன என்று தனக்கு அப்போதே தெரியும் என்றாள். எழும்பியிருக்க வேண்டும், எழும்ப முடியவில்லை. பேராசிரியர் பேசிக்கொண்டிருக்கும்போது மேடையிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் என்ன சொல்வார்கள். இதையெல்லாம் தரையைப் பார்த்துச் சொன்னாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

“ஒண்டும் வளரேல்லையெண்டு நீ எழுதினியெண்டா, அவை விளக்கைக் குறை சொல்லமாட்டினம், யசி. பாடத்தைத்தான் சொல்லுவினம். இஞ்சை சரிவராது, வசதி காணாது எண்டு மூடி வைப்பினம். பிறகு ஒருத்தரும் தொடமாட்டினம்.”

உண்மைதான். அப்படித்தான் நடக்கும். அவள் சொல்வதில் ஒரு சொல் பிழையில்லை.

“நான் உன்னட்டை ஒருநாளும் ஒண்டும் கேட்டதில்லை. அந்தக் கிண்ணத்தை மட்டும் எழுதாமல் விடு” என்றாள்.

யோசிக்கிறேன் என்றேன். அவளுக்கு அது மறுப்பாகவே கேட்டிருக்கும். எழும்பிப் போனாள். மேசையில் வைத்த குடையையும் விட்டுவிட்டுப் போனாள்; நான் பின்னால் ஓடிப்போய்க் கொடுத்தேன், நன்றி என்றாள். எங்களுக்குள் என்ன நன்றி?

27 யூன், வெள்ளி

எழுதவில்லை. கூட்டினேன், துடைத்தேன், அலுமாரியைக் கவிழ்த்து அடுக்கினேன்.

29 யூன், ஞாயிறு

ஜெறோமுக்கு முழுக்கதையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறாரா கிரிக்கெற் பார்க்கிறாரா என்று தெரியவில்லை. நான் விறாந்தைக்கும் குசினிக்குமாக நடந்து நடந்து சொல்லி முடித்ததும் சத்தத்தைக் குறைத்தார்.

“நீர் நல்லா எழுதினாலும் உமக்கு நித்திரை வராது, கூடாமல் எழுதினாலும் வராது. பிறகென்ன, ஏதாவது ஒண்டை எழுதி முடியும். மனுசர் உம்மோடை சீவிக்க வேணும்” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. இது ஏதாவது ஒன்றா? இங்கே ஒரு மனிசியின் நாலு வருடம் இருக்கிறது. அவளுடைய பாடத்தைப் படிக்கப்போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் வாயை மூடினால் பாடம் வரும். நல்ல பாடம். அதை நல்லாகப் படிப்பிக்கிற ஆளும் இருக்கிறாள். ஒரு வசனத்தை விட்டால் போதும்.

ஆனால் யார் படிப்பிப்பார்கள்? தயாளினி மட்டுமா? வெறும் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இளஞ்சிவப்பு என்று எழுதினவர்களும்தான். அவர்களிடம் படிக்கிற பிள்ளை நாளைக்குக் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கும். நிறம் மாறாவிட்டாலும் மாறியது என்று எழுதும். மாறினாலும் மாறவில்லை என்று எழுதும். வந்திருக்க வேண்டியதை எழுதும். அந்தத் தண்ணீரை ஒரு வீடு குடிக்கும்.

நான் என்ன எழுதப்போகிறேன்? நானும் அதைத்தானே செய்யப் பார்க்கிறேன்? செயலமர்வு சிறப்பாக நடந்திருக்க வேண்டும்தானே.

1 யூலை, செவ்வாய்

எழுதிவிட்டேன்.

எல்லாவற்றையும் எழுதினேன். விளக்கு, மின்விசிறி, உரைகள், ஐஸ். ஒரு குழுவுக்கும் ஒன்றும் வளராதது. எல்லாக் குழுவும் வளர்ந்ததாக எழுதியது. அந்த நேரத்தில் ஒத்திகைக் கிண்ணத்தைக் காட்டியதால் கேள்வி கேட்கிற வாய்ப்பு போனது. வினாக்கொத்தின் விடைகளை நம்ப முடியாது, ஏனென்றால் வாங்கினது நடத்துநர். கற்பித்த விதம் மிக நன்று என்றும் எழுதினேன். அது முகத்துக்காக எழுதினதில்லை. பாடம் தேவை, செயலமர்வைத் திரும்ப நடத்திவிட்டுத் தொடங்க வேண்டும் என்று முடித்தேன். மண்டபத்தில் நானும் பார்த்துக்கொண்டு இருந்ததையும் ஒரு வரி எழுதினேன்.

வாசித்துப் பார்த்தேன். நிம்மதி என்று சொல்ல வழியில்லை.

2 யூலை, புதன்

செபநாயகம் சேரிடம் கொடுக்க முதல் தயாளினிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதுகுக்குப் பின்னால் செய்ததாக இருக்கக் கூடாது. ஆய்வுகூடத்தில் கழுவுதொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே வாசித்தாள். கடைசிப் பக்கம் வரை போய், திரும்ப இரண்டாம் பக்கத்துக்கு வந்தாள். ஒத்திகைக் கிண்ணம் வருகிற பக்கம்.

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவள் தாளை மடித்து என் கையில் வைத்தாள்.

“குடு” என்றாள். அவ்வளவுதான். குழாயைத் திறந்து கை கழுவினாள். சவர்க்காரம் போட்டுக் கழுவினாள்.

3 யூலை, வியாழன்

கொடுத்துவிட்டேன். செபநாயகம் சேர் உறையைத் திறக்காமலே நன்றி சொன்னார்.

8 யூலை, செவ்வாய்

தயாளினி கதைக்கவில்லை. நடைபாதையில் எதிரே வந்தால் தொலைபேசியைப் பார்க்கிறாள். உணவகத்தில் நான் இருந்த மேசையைக் கண்டுவிட்டு மற்ற மேசைக்குப் போனாள். சின்னப் பிள்ளைகள் மாதிரி. போய் முன்னால் இருந்து சண்டை பிடிப்போமா என்று நினைத்தேன். போகவில்லை.

பிழை செய்தேனா? சரியானதைச் செய்தால் மனம் லேசாகும் என்று எவன் சொன்னான்? எனக்கு ஆகவில்லை. அவளுடைய பாடத்தை நானே என் கையால் மூடினேன் என்றுதான் இருக்கிறது. குருநகரிலிருந்து ஸ்கூட்டியில் வரும் வழி முழுக்க அவளோடு மனதுக்குள் வாதாடுகிறேன். எல்லா வாதத்திலும் அவள்தான் வெல்கிறாள்.

12 யூலை, சனி

இன்றும் தயாளினி கதைக்கவில்லை.

16 யூலை, புதன்

இன்று பீடச்சபை. நான் உறுப்பினர் இல்லை, அறையில் இருந்தேன். மாணவர்களின் ஒப்படைகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒன்றையும் திருத்தவில்லை. ஜன்னல் கம்பியை எண்ணினேன். மத்தியானச் சாப்பாட்டைத் திறந்து மூடினேன். முடிந்ததா இல்லையா என்று யாரையும் கேட்கவும் வெட்கம். பின்னேரம் தயாளினி நடைபாதையால் வருவது தெரிந்தது. நேரே போய்விடுவாள் என்று நினைத்தேன். உள்ளே வந்தாள். சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் இருந்த கதிரையில் இருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நடந்ததை ஒரே மூச்சில் சொன்னாள். செபநாயகம் சேர் சபையில் அறிக்கையைப் பற்றி ஒரே வசனம்தான் சொன்னாராம்: செயலமர்வு தன் இலக்குகளை எட்டியதாக மதிப்பீட்டாளர் அறிக்கை தந்திருக்கிறார். அறிக்கை பின்னிணைப்பாகப் போயிருக்கிறது. ஒருவரும் பிரிக்கவில்லை. வாழ்த்துகள் சொன்னார்கள். பாடம் நிறைவேறுகிற மாதிரித்தான். ஏகமனதாக என்று எழுதக்கூடப் பேனையை எடுத்துவிட்டார்களாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இதற்காகவா நான் இரண்டு கிழமை சாப்பிடாமல் திரிந்தேன்? அப்படியென்றால் பாடம் கிடைத்துவிட்டது என்றேன்.

இல்லை என்றாள்.

எழும்பினாளாம். பேனை தாளில் படுவதற்கு முன். செயலமர்வு பிழைத்துவிட்டது, ஒரு குழுவுக்கும் ஒன்றும் வளரவில்லை, வளர்ந்ததாக எல்லாரும் எழுதினோம், காட்டினது என்னுடைய பழைய கிண்ணம் என்று சபை நடுவில் நின்று சொன்னாளாம். தான் விண்ணப்பத்தைத் திரும்ப எடுப்பதாகவும், செயலமர்வைத் திரும்பச் செய்தபிறகு கொண்டுவருவதாகவும். செபநாயகம் சேர் அது தேவையில்லையே என்று இரண்டு முறை சொன்னாராம். இவள் திரும்பக் கதிரையில் இருக்கவில்லையாம். ஒரு வருடம் போய்விட்டது. அடுத்த வருடமும் நிச்சயமில்லை.

ஏன் என்று கேட்டேன். உனக்கு வேண்டியது கையில் வந்துவிட்டதே, பேசாமல் இருந்திருக்கலாமே. என் குரல் எனக்கே கத்துகிற மாதிரிக் கேட்டது.

அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.

“நீ எழுதினதை அங்கை ஒருத்தரும் வாசிக்கேல்லை, யசி. வாசிச்சது நான் ஒராள்தான்.”

இன்னும் உன்னில் கோபம்தான், அது போகாது என்றாள். தெரியும் என்றேன். அவள் வழமையாகப் போகிற மானிப்பாய் பஸ் ஹோர்ண் அடித்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனது. அவளுக்கும் கேட்டிருக்கும். அடுத்த பஸ் வரும்வரை என் அறையிலேயே இருந்தாள்.